முப்பது நாளுக்குப் பிறகு வந்த நோய்

துபாயில் ஆங்கிலம் பேசக் கற்றுக்கொடுப்பது என் தொழில். முதல் நான்கு வருடம் அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் சம்பளத்துக்கு இருந்தேன். அவர்கள் எங்கள் பிரிவை மூடியபோது ஊருக்குத் திரும்ப மனம் வரவில்லை. சொந்தமாக வகுப்பு எடுப்பதற்கான அனுமதியும் விசாவும் வாங்கிக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டேன். காலையில் மருந்துக்கடை ஊழியர்கள் ஏழெட்டுப் பேருக்கு ஒரு வகுப்பு. சாயங்காலம் வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளுக்கு. கணவரும் மகளும் சங்கரன்கோவிலில் இருந்தார்கள். எங்கள் பக்கத்தில் ஆண்கள் வளைகுடாவுக்குப் போவார்கள், பெண்கள் வீட்டைப் பார்ப்பார்கள். எங்கள் வீட்டில் அது தலைகீழாக இருந்தது. முதல் வருடம் தெருவில் பேசினார்கள். பிறகு பேச அலுத்துவிட்டது போல.

பள்ளியில் இருந்தவரை மருத்துவக் காப்பீடு என்பது அவர்கள் கையில் கொடுத்த ஓர் அட்டை. அதைப் பற்றி நான் யோசித்ததே இல்லை. சொந்தத் தொழிலுக்கு வந்ததும் அது என் பொறுப்பானது. காப்பீடு இல்லாமல் விசா விண்ணப்பம் ஓர் அடி நகராது. ஏஜென்சியில் இருந்த பெண் மூன்று திட்டங்களைத் திரையில் காட்டினாள். "மேடம், விசாவுக்கு இது போதும்," என்று கடைசியில் இருந்ததைத் தொட்டாள். அதுதான் இருப்பதிலேயே மலிவு. சரி என்றேன். அன்றைக்கே ஐம்பது பக்க ஒப்பந்தம் மின்னஞ்சலில் வந்தது. நான் திறக்கவில்லை. என் மாணவர்களுக்கு ஒரு பத்தியைக் கொடுத்து, "ரெண்டு தடவை படிச்சிட்டுத்தான் பதில் எழுதணும்," என்று சொல்லுகிறவள் நான்.

இதை எழுதுவதற்கு அதுதான் காரணம். என்னைப் போல நிறுவனம் எதிலும் சேராமல் வெளிநாட்டில் பாடம் நடத்துகிறவர்கள் இப்போது நிறைய இருக்கிறார்கள். விசா அதிகாரி கேட்பது ஒரு காப்பீடு இருக்கிறதா என்பதை மட்டும்தான். அது எங்கே செல்லும், எத்தனை நாள் செல்லும் என்பதையெல்லாம் நாமேதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

போன ஜூலை தொடக்கத்தில் ஊருக்கு வந்தேன். அந்த மாதங்களில் அங்கே பள்ளிகளுக்கு விடுமுறை, என் மாணவர்களும் ஊர்களுக்குப் போய்விடுவார்கள். இருபத்தெட்டு நாளில் திரும்ப டிக்கெட் போட்டிருந்தேன். நாலாவது வாரத்தில் ஒரு கல்யாண வீட்டில் சாப்பிட்டு இரண்டு நாள் வயிற்றுப்போக்கு. இளநீரும் மாத்திரையுமாக அது சரியாகிவிட்டது. கிளம்பும் நாள் நெருங்கும்போது என் கணவர் மெதுவாகக் கேட்டார்.

"கோமதி, ஆறு வருசமா நீ ஆடித்தபசு பாக்கவே இல்ல. ஒரு வாரந்தான இருக்கு. முடிச்சிட்டுப் போயேன்."

"டிக்கெட் மாத்தணும்லா."

"மாத்துவோம். நான் இதுவரைக்கும் உன்னய இருன்னு சொல்லியிருக்கேனா?"

சொன்னதில்லை. டிக்கெட்டை மாற்றினேன்.

ஆடித்தபசு எங்கள் ஊர்க் கோயில் திருவிழா. தபசு அன்றைக்கு நான் வந்து முப்பத்துநாலாவது நாள். சாயங்காலம் ரத வீதியில் கூட்டத்துக்குள் நின்றோம். சனங்கள் நேர்த்திக்கடனாகப் பருத்தியும் வத்தலும் நெல்லுமாக அள்ளி வீசிக்கொண்டிருந்தார்கள். மகள் அபி என் தோளைப் பிடித்து எம்பி எம்பிப் பார்த்தாள். அப்போது என் பாதத்தில் எறும்பு ஊருகிற மாதிரி இருந்தது. குனிந்து பார்த்தேன், ஒன்றும் இல்லை. வெறுங்காலோடு ரொம்ப நேரம் நின்றதால் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் மாடியில் துணி எடுக்கப் போனபோது படி ஏறக் கால் கனத்தது. பக்கத்தில் இருந்த கிளினிக்கில் சத்துக்குறைவு என்று ஓர் ஊசி போட்டார்கள். அதற்கு அடுத்த நாள் காலையில் குளியலறை ஸ்டூலில் உட்கார்ந்து குளித்துவிட்டு எழுந்திருக்கப் பார்த்தேன். கால்கள் கேட்கவில்லை. வலி இல்லை, மரத்துப்போகவும் இல்லை. எழுந்திரு என்று நான் சொல்லுகிறேன், அது போய்ச் சேரவில்லை. தாழ்ப்பாளைத் திறக்க அரை மணி நேரம் ஆயிற்று. தரையில் உடம்பை இழுத்துக்கொண்டே போய்த்தான் திறந்தேன்.

கணவரின் அக்கா பக்கத்துத் தெருவில் இருக்கிறார், எனக்கு மதினி. அவர்தான் முதலில் ஓடிவந்து என்னைத் துணியில் சுற்றித் தூக்கினார்.

"ஏட்டி, என்ன பண்ணுது? கண்ணு கிண்ணு இருட்டுதா?"

"கால் வர மாட்டேங்கு மதினி."

ஊரில் ஒரு டாக்டரிடம் கொண்டுபோனார்கள். அவர் சின்ன ரப்பர் சுத்தியலால் என் முழங்காலுக்குக் கீழே தட்டினார். சாதாரணமாகக் கால் ஒரு துள்ளு துள்ள வேண்டும். என் கால் தொங்கிக்கொண்டு கிடந்தது. மறுபடி தட்டினார். பிறகு சுத்தியலை மேசைமேல் வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமல் என் கணவரைப் பார்த்துச் சொன்னார்: "திருநெல்வேலிக்குக் கொண்டுபோங்க. நாளைக்குன்னு வைக்காதீங்க, இப்பவே."

மானூர் வழியாகக் காரில் போனோம். தேவர்குளம் தாண்டும்போது தண்ணீர் கேட்டேன். பாட்டிலைப் பிடிக்க முடியாமல் மடியில் கொட்டிவிட்டேன். பயம் அப்போதுதான் வந்தது. காலில் தொடங்கியது கைக்கு வந்துவிட்டது என்று புரிந்தது. அதற்கு மேலே என்னென்ன இருக்கிறது என்று மனசு ஒவ்வொன்றாக எண்ணத் தொடங்கிவிட்டது.

தனியார் மருத்துவமனை ஒன்றில் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்தார்கள். முதுகில் ஊசி குத்தித் தண்டுவடத்தைச் சுற்றியிருக்கும் நீரை எடுத்தார்கள். கையிலும் காலிலும் சின்னச் சின்னதாக மின்சாரம் கொடுத்து, நரம்பு வழியாக அது எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று பார்த்தார்கள். நோயின் பெயர் கில்லன் பாரே. அங்கே இருந்த ட்யூட்டி டாக்டர் முப்பது வயதுக்குள் இருக்கும் பெண். எல்லாவற்றையும் எனக்கே நேராகச் சொல்லுவார், தலைமாட்டில் நிற்கிறவர்களிடம் சொல்ல மாட்டார். அதற்காகவே அவரை எனக்குப் பிடித்தது.

"வயித்துப்போக்கு வந்துச்சுல்ல, அந்தக் கிருமியை எதிர்க்க உங்க உடம்பு படை திரட்டிச்சு. அந்தப் படை இப்போ ஆள் தெரியாம உங்க நரம்பையே அடிக்குது. வயருக்கு மேல பிளாஸ்டிக் உறை இருக்குமே, அது மாதிரி நரம்புக்கும் ஒரு உறை உண்டு. அது அரிச்சுப் போகுது. அதான் நீங்க சொல்றது காலுக்குப் போய்ச் சேரல."

"சரியாயிடுமா?"

"பெரும்பாலானவங்களுக்குச் சரியாயிடும். ஆனா இது கீழேருந்து மேல ஏறும். எங்க போய் நிக்கும்னு எங்களுக்குத் தெரியாது. மூச்சு விடுற தசை வரைக்கும் வரலாம். அதைத்தான் பாத்துக்கிட்டே இருக்கணும்."

அதைப் பார்ப்பதற்கு அவர்கள் வைத்திருந்த சோதனை மிகவும் எளிமையானது. ஆழமாக மூச்சை இழுத்து, ஒரே மூச்சில் எவ்வளவு எண்ண முடியுமோ அவ்வளவு எண்ண வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை கேட்பார்கள். பழக்கத்தில் நான் ஆங்கிலத்தில்தான் எண்ணினேன். முதல் தடவை இருபத்தெட்டு. சாயங்காலம் இருபத்துநாலு. மறுநாள் காலையில் பத்தொன்பது. கட்டிலுக்குப் பக்கத்தில் வென்டிலேட்டர் ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்திவைத்தார்கள். அதன்மேல் துணி போட்டு மூடியிருந்தது. நான் எண்ணுவது பதினைந்துக்குக் கீழே போகும்போதெல்லாம் என் கண் அந்தத் துணிக்குத்தான் போகும்.

மருந்து ஐந்து நாளைக்கு. ரத்த தானம் செய்த ஆயிரக்கணக்கானவர்களின் ரத்தத்திலிருந்து எதிர்ப்புச் சக்தியை மட்டும் பிரித்தெடுத்துச் செய்த திரவம் அது. நரம்பில் ஏற்றினால் தறிகெட்ட படையை அடக்கும். நோய் தொடங்கிய இரண்டு வாரத்துக்குள் கொடுத்தால்தான் பலன் அதிகம். ஒரு நாளைக்கு ஏற்றுகிற குப்பிகளின் விலை என் கணவரின் பல மாத வருமானம். அவர் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே பத்திரம் எழுதுகிறவர். முதல் நாள் மருந்துக்கு மகளுக்காகச் சேர்த்த நகை போயிற்று. இரண்டாம் நாளுக்கு மதினி தன் கையில் கிடந்ததைக் கழற்றிக் கொடுத்தார்.

"என் காப்பீடு இருக்கு," என்று நான் முதல் நாளே சொல்லியிருந்தேன். அப்போது எனக்கு நல்ல தெம்பு. "அவசரம்னா வெளிநாட்டுல பாத்தாலும் குடுப்பாங்க. நூர்ஜஹான்ட்ட கேளுங்க."

நூர்ஜஹான் துபாயில் என்னோடு அறையைப் பகிர்ந்துகொண்டவள். கடையநல்லூர்ப் பெண், ஒரு அலுவலகத்தில் கணக்கு பார்க்கிறாள். செய்தி கேட்டதும் வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டுக் காப்பீட்டு அலுவலகத்துக்கே போய் உட்கார்ந்துவிட்டாள். அங்கிருந்து என் கணவருக்குப் பேசினாள்.

"அண்ணே, ஆஸ்பத்திரி பேப்பர் எல்லாத்தயும் மெயில்ல அனுப்பச் சொல்லுதாங்க. எந்தத் தேதில நோய் ஆரம்பிச்சிதுன்னு டாக்டர் எழுதின சீட்டு கண்டிப்பா வேணுமாம். அக்காவ தைரியமா இருக்கச் சொல்லுங்க, நான் துஆ செய்யுதேன்."

மூன்றாம் நாள் பார்வையாளர் நேரத்தில் என் கணவர் உள்ளே வந்தார். பத்து நிமிடம்தான் விடுவார்கள். பச்சை அங்கிக்குள் அவர் ரொம்பச் சின்னதாகத் தெரிந்தார். கைபேசியை என் முகத்துக்கு நேராகப் பிடித்தார்.

"பதில் வந்திருக்கு. நாலு தடவ படிச்சிட்டேன், என்ன சொல்லுதாங்கன்னு பிடிபடல. நீ படிச்சிச் சொல்லு."

படித்தேன். அது நல்ல ஆங்கிலம். ஒரு பிழைகூட இல்லை. என் நோய்க்கு வருத்தம் தெரிவித்திருந்தார்கள், விரைவில் குணமாக வாழ்த்தியிருந்தார்கள். அந்த இரண்டுக்கும் நடுவில் செய்தி இருந்தது. திட்டத்தின் முழுப் பலனும் அந்த நாட்டுக்குள் மட்டும். வெளியே போனால் அவசர சிகிச்சைக்கு மட்டும், அதுவும் புறப்பட்ட நாளிலிருந்து முப்பது நாள் வரை. எனக்கு நோய் தொடங்கியது முப்பத்துநாலாவது நாள். டாக்டரின் சீட்டிலேயே அது எழுதியிருந்தது.

அன்று காலையிலிருந்து என் முகம் தளரத் தொடங்கியிருந்தது. உதடு ஒட்டவில்லை. ப வராது, ம வராது. நர்ஸ் பெயர் கேட்டால் என் பெயரைச் சொல்ல என்னால் முடியவில்லை. 'இல்லை' என்ற சொல்லுக்கு உதடு தேவையில்லை. அதைத் தெளிவாகச் சொன்னேன்.

"இல்லன்னா? கொஞ்சங்கூடவா?"

தலையை அசைத்தேன். அவர் கைபேசியைத் தன் பக்கம் திருப்பி மறுபடியும் படித்தார். முப்பது என்ற எண் அவருக்குத் தெரிந்துதான் இருக்கும். உதட்டை அசைத்து விரலால் எண்ணினார். எண்ணி எங்கே வந்து நிற்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. அவர் என்னை இருக்கச் சொன்ன அந்த ஒரு வாரத்தில்தான். வேண்டாங்க, அதை நினைக்காதீங்க என்று சொல்ல நினைத்தேன். அந்த வார்த்தைகளை எடுக்க என் வாயால் முடியவில்லை. நேரம் முடிந்தது என்று வெளியே கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

அவரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பத்திரம் எழுதுகிறவர்களிடம், தேதியைக் கொஞ்சம் முன்னால் போட்டு எழுதித் தாருங்கள் என்று கேட்டு வருகிறவர்கள் உண்டு. தம்பி வழக்குப் போடுவதற்கு முந்திய தேதி, கடன்காரன் நோட்டீஸ் விடுவதற்கு முந்திய தேதி. ஒருதடவை குருவிகுளம் பக்கத்திலிருந்து ஒருவர் தட்டு நிறையப் பழமும் ஒரு கவருமாக வீட்டுக்கே வந்தார். "அண்ணாச்சி, எழுதுத தேதிதான் தேதி. கவரை எடுத்துக்கிடுங்க, பழத்தயும் எடுத்துக்கிடுங்க," என்று வாசலோடு அனுப்பிவிட்டார். அதனாலேயே அவரிடம் வேலை குறைவு. நான் துபாய்க்குப் போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

அன்று மத்தியானம் என் கண் இமைகளும் மூடவில்லை. கண் காய்ந்துவிடும் என்று மருந்து போட்டு, பஞ்சு வைத்து, பிளாஸ்டர் ஒட்டிவிட்டார்கள். நான் தூங்குவதாக எல்லாருக்கும் நினைப்பு. இருட்டுக்குள் கிடந்து எந்திரங்களின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். கட்டிலின் கால்மாட்டில் டாக்டரின் குரல் கேட்டது. அதற்குப் பிறகு என் கணவரின் குரல்.

"டாக்டரம்மா, ஒண்ணு கேக்கேன், தப்பா எடுத்துக்கிடாதீங்க. அந்தச் சீட்டுல தொடங்கின தேதின்னு ஒண்ணு போட்டிருக்கீங்கள்லா. அத ஒரு அஞ்சு நாள் முன்னால போட்டுத் தரமுடியுமா?"

டாக்டர் தாள்களைப் புரட்டும் சத்தம் கேட்டது.

"வயித்துப்போக்கு அதுக்கு முன்னாலயே வந்துட்டு. அதுலருந்துதான இதுன்னு நீங்கதான சொன்னீங்க. பொய்னு ஆகாது. அஞ்சே நாள்." அவர் குரல் எனக்குத் தெரியாத ஒருவருடைய குரல் மாதிரி இருந்தது. "நான் தேதி மாத்தி எழுதுத ஆள் இல்லம்மா. ஊர்ல யார்ட்ட வேணும்னாலும் கேளுங்க."

எனக்கு அழுகை வரவில்லை, கோபமும் வரவில்லை. எழுதுங்க டாக்டர் என்றுதான் மனசுக்குள் கெஞ்சினேன். எழுதுங்க, அஞ்சு நாள்தானே. இதை ஒளிக்காமல் எழுத வேண்டும் என்று இந்தப் பக்கங்களைத் தொடங்கும்போதே முடிவு செய்திருந்தேன்.

"சார், உட்காருங்க," என்றார் டாக்டர். ஸ்டூல் இழுபடும் சத்தம். "வயித்துப்போக்கு வந்த தேதி ஏற்கனவே சீட்டுல தனியா இருக்கு. அதை அவங்க பாத்துட்டுத்தான் இல்லன்னு சொல்லியிருக்காங்க. கால் மதமதப்பு தொடங்கின தேதியைத்தான் நோய் தொடங்கின தேதியா வைப்போம். இப்போ நான் அதை அஞ்சு நாள் முன்னால எழுதுறேன்னு வைங்க. சாயங்காலம் வேற டாக்டர் வருவார். அவர் இந்தப் பேப்பரைத்தான் பாப்பார். ஒன்பது நாள், பத்து நாள் ஆயிடுச்சே, இனிமே வேகமா ஏறாதுன்னு அவர் நினைச்சிட்டா? உங்க மனைவிக்கு இன்னிக்கு அஞ்சாவது நாள் சார். இனிமேதான் ஏறும். அது எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கணும்."

ஸ்டூல் மறுபடி இழுபட்டது.

"தெரியாம கேட்டுட்டேன்," என்றார் அவர்.

"இதையெல்லாம் எல்லாரும் கேப்பாங்க சார். அடுத்த மூணு நாள் மருந்துக்கு வேற வழி இருக்கு. அரசு ஆஸ்பத்திரில இதே மருந்து கிடைக்கும். அங்க எனக்குத் தெரிஞ்ச டாக்டர்கிட்ட பேசுறேன். இங்கே இருந்தாத்தான் நல்லதுன்னு யாராவது சொன்னா பயந்துறாதீங்க."

அன்று சாயங்காலமே ஆம்புலன்ஸில் என்னை அரசு மருத்துவமனைக்கு மாற்றினார்கள். மீதி மூன்று நாள் மருந்தும் அங்கேதான் ஏறியது. அதற்கு நாங்கள் ஒன்றும் கொடுக்கவில்லை. அங்கே கூட்டம் அதிகம், பக்கத்துக் கட்டில்காரரின் இருமல் என் கட்டிலில் கேட்கும். ஆனால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை எண்ணச் சொல்லுவதை ஒருநாளும் அவர்கள் தவறவிட்டதில்லை. பதினொன்று. ஒன்பது. ஒன்பதில் மூன்று நாள் நின்றது. எட்டுக்குப் போனால் மூச்சுக்குக் குழாய் வைத்துவிடுவோம் என்று சொல்லியிருந்தார்கள். ஒவ்வொரு தடவையும் ஒன்பதைச் சொல்லிவிட்டு, சொன்னது கேட்டதா என்று நர்ஸின் முகத்தைப் பார்ப்பேன். ஆறு நாளாக என் வேலை முழுவதும் அதுதான். தானாக நடக்க வேண்டிய மூச்சை நானே உட்கார்ந்து நடத்த வேண்டியிருந்தது. தூக்கம் வந்தால் பயமாக இருக்கும், நான் பார்க்காத நேரத்தில் நின்றுவிட்டால் என்ன செய்வது என்று.

மதினிதான் கூட இருந்தார். ஈக்கள் முகத்தில் உட்காராமல் துண்டால் விசிறிக்கொண்டே இருப்பார். என் மூக்கின்மேல் உட்கார்ந்த ஈயை என்னால் விரட்ட முடியாது என்பதை நான் சொல்லாமலே புரிந்துகொண்டவர் அவர் ஒருவர்தான். சங்கரன்கோவில் கோயிலில் நோய்க்குப் பூசத் தரும் புற்றுமண்ணைத் தாளில் மடித்துக் கொண்டுவந்திருந்தார். ஐ.சி.யு.வில் நர்ஸ் விடவில்லை. வார்டுக்கு மாற்றியதும் அதைத் தண்ணீரில் குழைத்து என் உள்ளங்காலில் தேய்த்தார்.

"தெரியுதாட்டி?"

குளுமை தெரிந்தது. தலையை ஆட்டினேன்.

"தெரிஞ்சா போதும்," என்று சொல்லிவிட்டு, பூசின காலிலேயே முகத்தை வைத்து அழுதார். அவரை எழுப்பக்கூட எனக்குக் கை வரவில்லை.

பத்தாம் நாள் எண்ணிக்கை பன்னிரண்டானது. பிறகு பதினாறு. ஏறிய வழியிலேயே நோய் இறங்கும் என்று சொல்லியிருந்தார்கள். முகம் முதலில், கை பிறகு, கால் கடைசியில். உதடு ஒட்டிய அன்று நர்ஸ் கேட்காமலே அவளிடம் என் பெயரைச் சொன்னேன். ஏழு வாரம் கழித்து வீட்டுக்கு வந்தேன், நடந்து இல்லை. என் கணவரும் ஆட்டோ ஓட்டுநரும் நாற்காலியோடு தூக்கி உள்ளே வைத்தார்கள். அபி படிக்கும் அறையில் எனக்குக் கட்டில் போட்டிருந்தார்கள், அவள் கூடத்துக்கு மாறியிருந்தாள். பதினைந்து வயதுப் பிள்ளை தினமும் பள்ளிக்குப் போகுமுன் என் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி நீட்டிவிட்டுப் போவாள். பிசியோதெரபி சொல்லித்தந்தவர் காட்டியபடி, ஒரு விரலுக்குப் பத்துத் தடவை, ஒன்றுகூடக் குறைக்காமல்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு மத்தியானம் என் கணவர் எனக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தார். திடீரென்று கையை நிறுத்தினார்.

"ஆஸ்பத்திரில நான் டாக்டர்ட்ட ஒண்ணு கேட்டேன், கோமதி."

"தெரியும். முழிச்சித்தான் கிடந்தேன்."

அவர் தட்டைக் கீழே வைத்தார்.

"நானும் அவங்க எழுதணும்னுதான் கிடந்தேன்," என்றேன். "உங்க குரல் கேட்டப்போ வேண்டாம்னு தோணல. எழுதிருங்கன்னுதான் தோணிச்சு."

"நான்தான உன்னய இருக்கச் சொன்னேன்."

"நீங்க இருக்கச் சொல்லாட்டா நான் அங்கன தனியா ரூம்ல விழுந்து கிடந்திருப்பேன். நூர்ஜஹான் ஆபீஸ் விட்டு வாரதுக்கு ராத்திரி ஆயிரும்."

அவருக்கு அது ஆறுதலாக இருந்ததா என்று தெரியவில்லை. தட்டை எடுத்து மறுபடி ஊட்டினார். இரண்டு பேருமே அதைப் பற்றிப் பிறகு பேசவில்லை.

அதற்கு மேல்தான் இன்னொரு கணக்குத் தொடங்கியது. அங்கே குடியிருக்கும் விசா உள்ளவர்கள் ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் விசா செல்லாமல் போகும். ஜூலை தொடக்கத்தில் வந்தவள் ஜனவரி தொடக்கத்துக்குள் போய் இறங்க வேண்டும். என் காப்பீடும் டிசம்பரோடு முடிகிறது. நூர்ஜஹான் மறுபடி ஏஜென்சிக்குப் போனாள். புதுக் காப்பீட்டு விண்ணப்பத்தில் நரம்பு நோய் வந்ததுண்டா என்று ஒரு கேள்வி இருந்தது. ஆம் என்றால் டாக்டரின் அறிக்கை வேண்டும், அதைப் பார்த்த பிறகு அவர்கள் கட்டணம் சொல்லுவார்கள். ஒரு நிறுவனம் முன்பு கட்டியதைப் போலப் பல மடங்கு கேட்டது. இன்னொன்று, நரம்பு சம்பந்தமான எதற்கும் தர மாட்டோம் என்று எழுதித் தந்தால் எடுத்துக்கொள்கிறோம் என்றது. மூன்றாவது நிறுவனம் நேரில் வந்து அவர்கள் டாக்டரிடம் காட்டச் சொன்னது. நேரில் வர விசா வேண்டும். விசாவைப் புதுப்பிக்கக் காப்பீடு வேண்டும்.

"அக்கா, 'இல்லை'ன்னு போட்டிருவமான்னு ஏஜென்சிப் புள்ள கேக்கா," என்றாள் நூர்ஜஹான் போனில்.

"வேண்டாம்."

"நானும் வேண்டாம்னுதான் சொன்னேன். பின்னால தெரிஞ்சா எல்லாம் போயிரும். ஆனா உங்கட்ட கேக்காம சொல்லக்கூடாதுல்லா, அதான் கேட்டேன்."

காப்பீட்டை விடுங்கள், விமானத்தில் ஏறவே எனக்குக் கால் இல்லை. வாக்கரைப் பிடித்து வாசல்வரை போய்வர இருபது நிமிடம் ஆகும். மார்கழி பிறந்ததிலிருந்து காலையில் கோயில் ஒலிபெருக்கி கேட்டதும் விழித்துக்கொண்டு, இன்னும் எத்தனை நாள் என்று எண்ணிக்கொண்டு கிடப்பேன். ஆறு மாதம் முடிகிற அந்த நாள் வந்தது. காலையில் பிசியோதெரபி. வீட்டு வாசலில் மூன்று படி. இரண்டாவதில் ஏறினேன். மூன்றாவதில் முழங்கால் மடங்கி என் கணவர் கையில் விழுந்தேன். சாயங்காலம் ஏழு மணிக்கு, சரி, முடிந்தது என்று நினைத்தேன். அதற்கு மேல் செய்வதற்கு ஒன்றும் இல்லை. நான் அங்கே ஆறு வருடம் இருந்தேன் என்பதற்காக இனி யாரும் எனக்குக் கதவு திறக்கப்போவதில்லை.

மருந்துக்கடை மாணவர்கள் வேறோர் ஆளைப் பார்த்துக்கொண்டார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. பேசும்போது எனக்கு இன்னும் வாய் ஒரு பக்கம் லேசாக இழுக்கும். கணினித் திரையில் அது கூடுதலாகத் தெரிகிறது. பிள்ளைகளில் இரண்டு பேர் மட்டும் வாரத்தில் இரண்டு நாள் இணையத்தில் என்னிடம் படிக்கிறார்கள். ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் முதுகு தாங்கவில்லை.

என்னைப் போன்றவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். விசாவுக்கு என்று எடுக்கிற காப்பீட்டில், சொந்த ஊரில் இருக்கும்போது அது செல்லுமா, எத்தனை நாள் செல்லும், ஒரு நோய் வந்துவிட்டால் அடுத்த வருடம் உங்களை வைத்துக்கொள்ளுவார்களா என்று மூன்றையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஊரில் இருக்கும் காப்பீட்டையும் வெளிநாடு போய்விட்டோம் என்று விட்டுவிடாதீர்கள். நான் விட்டேன். இவை தெரிந்திருந்தால் எனக்கு நோய் வராமல் இருந்திருக்காது. ஆனால் கால் கை வராமல் கிடந்த நாட்களில், என் கணவர் யாரிடமும் அப்படிக் கேட்டிருக்க வேண்டியிருக்காது.

போன வாரம் நூர்ஜஹான் என் சாமான்களை இரண்டு அட்டைப்பெட்டியில் கட்டி, ஊருக்கு வந்த கடையநல்லூர்க்காரர் ஒருவர் கையில் கொடுத்தனுப்பியிருந்தாள். அவர் எங்கள் வீட்டு வாசலில் இறக்கிவைத்துவிட்டு, டீகூடக் குடிக்காமல் போய்விட்டார். அறையில் என் கட்டில் இருந்த இடத்துக்கு வேறொரு பெண் வந்துவிட்டாளாம். அவள் நல்ல பிள்ளை என்று நூர்ஜஹான் ஒரு தாளில் எழுதிப் பெட்டிமேல் ஒட்டியிருந்தாள். சுற்றிலும் காக்கி டேப்பை நாலைந்து வரிசை இறுக்கமாக ஒட்டியிருந்தாள்.

"நான் பிரிக்கட்டாம்மா?" என்றாள் அபி.

"நான் பிரிச்சுக்கிடுதேன். நீ படி."

பெட்டிக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போடச் சொல்லி உட்கார்ந்தேன். டேப்பின் நுனியைத் தேடிக் கண்டுபிடித்தேன். நகத்தால் நெம்பப் பார்த்தேன். நகம் மடங்கியது. இன்னொரு மூலையில் பார்த்தேன். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நுனியைப் பிடிக்கின்றன, இழுத்தால் வழுக்கிவிடுகிறது. இடது கையால் முயன்றேன். பெட்டியை மடியில் அணைத்துக்கொண்டு பல்லால் கடிக்கப் பார்த்தேன். உள்ளே ஏதோ ஒரு கண்ணாடிச் சாமான் உருளும் சத்தம் கேட்டது. எது என்று ஞாபகம் வரவில்லை. அரை மணி நேரம் போயிருக்கும். அபி கூடத்தில் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, ஒரு பக்கமும் புரட்டாமல் என்னைப் பார்க்காத மாதிரி உட்கார்ந்திருந்தாள். என் கணவர் அடுப்படியில் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே இருந்தார், தண்ணீர்ச் சத்தம் நிற்கவே இல்லை. இரண்டு பேரும் நான் கூப்பிடுவதற்காகக் காத்திருந்தார்கள்.

"ஏங்க," என்றேன். "கத்தி கொண்டாங்க."